தாத்தாவின் துலாங்கும் ஒரு சிட்டிகை ஜிர்கானும்

எங்கள் வீட்டில் வடகம் காயப்போடும் தட்டு மரத்தில் கடைந்தது. இரண்டடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லச் சரிந்து, பரந்த கூம்பு மாதிரி இருக்கும். பிழிந்த வடகமெல்லாம் நடுவில் வந்து குவிந்துவிடும். வடகத்துக்கு இதைவிட மோசமான தட்டு கிடையாது. ஜியாலஜி சேர்ந்து இரண்டாம் வருஷம்தான் ஒரு பாடப்புத்தகப் படத்தில் அதே தட்டைப் பார்த்தேன். அதன் பெயர் துலாங். மலேயாவில் ஆற்று மணலை அலசி வெள்ளீயத் தாதுவைப் பிரிக்கிற தட்டு.

தாத்தா ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஈப்போ இருப்பது கிந்தாப் பள்ளத்தாக்கில். ஒரு காலத்தில் உலகத்துக்கே வெள்ளீயம் அள்ளிக் கொடுத்த இடம். துலாங் பிடித்து மணல் அலசியவர்களில் பெரும்பாலோர் சீனப் பெண்கள். அப்படி ஒரு அம்மா கடைப் பாக்கிக்கு ஈடாகக் கொடுத்ததுதான் இந்தத் தட்டு என்பது அப்பத்தா சொல்லும் கதை.

எங்கள் கடற்கரையில் ஈயம் என்றால் வலையில் கட்டுகிற குண்டுதான் நினைவுக்கு வரும். அது காரீயம். நான் சொல்வது வெள்ளீயம்: அப்பத்தாவின் ரசச் சொம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுகிற பூச்சு. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். அந்தப் பித்தளைக்குள் ஈயம் பூசாவிட்டால் புளி ஊற்ற முடியாது என்பதைப் பழமொழிக்காரர் மறந்துவிட்டார்.

வெள்ளீயத்தின் தாது காசிட்டரைட். அது கிரானைட்டை ஒட்டிப் பிறக்கிறது, ஆனால் எல்லாக் கிரானைட்டும் அதைத் தருவதில்லை. எந்தக் கிரானைட்டுக்கு ஈயம் தரும் வாய்ப்பு இருந்தது, எது ஆரம்பத்திலிருந்தே வெறுங்கை என்பதை, அதற்குள் இருக்கும் ஜிர்கான் (ஜிர்கோனியமும் சிலிக்காவும் சேர்ந்த, எளிதில் அழியாத கனிமம்) மணிகளின் வேதியியலை வைத்துக் கணிக்க முடியும். இதைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஒரு தடவை கையாலும் செய்து பார்த்துவிடலாம் என்று தொடங்கியது, முடிய ஏழு மாதம் ஆனது. ராமநாதபுரத்தில் ஈயம் எடுக்கும் ஆசை எனக்கு இல்லை. அது ஏன் நடக்காது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மணல் எடுக்கப் போனது ஆவணிக் கடைசியில், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நேரம். பாக் நீரிணைப் பக்கம், தொண்டி, தேவிபட்டினம் எல்லாம் அலை குறைவு, சேறுதான் அதிகம். மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சானில் அலை ஓங்கி அடிக்கும். லேசான குவார்ட்ஸ் மணலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட, கனமான மணல் மட்டும் கரையோரம் கருப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகத் தங்கும். கருப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்த இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் ஜிர்கான் இருக்கும். வாலிநோக்கத்துக்கும் மூக்கையூருக்கும் நடுவே ஓரிடத்தில் கோடு ஒரு விரல் கனம் இருந்தது. தீவுகள் பக்கம் போகவில்லை. அவை கடல்வாழ் தேசியப் பூங்கா, ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது.

பாசி எடுத்துவிட்டு வந்த ஒரு அக்கா என் வாளிகளைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, தாதுமணல் கம்பெனியா?"

"இல்லக்கா, படிப்புக்கு."

"படிப்புக்கு ஒரு கை மண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு வாளி?"

2013-இல் சட்டவிரோதமாகத் தாதுமணல் அள்ளும் விவகாரம் வெடித்ததிலிருந்து தென்கடற்கரையில் மணலைக் குனிந்து பார்ப்பவன் எவனும் சந்தேகத்துக்குரியவன்தான். அவர் கேட்டதும் நியாயம். ஒரு வாளியை அங்கேயே கொட்டிவிட்டு மற்றதில் பாதியோடு வீட்டுக்கு வந்தேன்.

"தாத்தா ஈப்போவில இருந்து கொண்டாந்ததுல உருப்படியா இருக்கிறது இது ஒண்ணுதான்யா. அதுலயும் மண்ண அள்ளிப் போடுறியா?" என்றார் அப்பத்தா. பொங்கலுக்குள் கழுவித் தருவதாகச் சொன்னேன்.

துலாங் பிடிப்பது சுளகில் அரிசி புடைப்பதைவிடக் கஷ்டம். பெரிய டப்பில் தண்ணீர், அதன் மேல் தட்டு மிதக்கிற மாதிரி பிடித்து, மணிக்கட்டால் வட்டமாகச் சுழற்ற வேண்டும். லேசானது விளிம்பைத் தாண்டி வழியும், கனமானது கூம்பின் நுனியில் உட்காரும். முதல் நாள் எல்லாமே வழிந்துவிட்டது. மூன்றாம் நாள் கை பழகியது. ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைச் சொன்னால் விஷயம் விளங்கும்: குவார்ட்ஸ் 2.65, கார்னெட் 4-ஐ ஒட்டி, ஜிர்கானும் இல்மனைட்டும் 4.7-ஐ ஒட்டி, அருமண் தனிமங்கள் நிறைந்த மோனசைட் 5-க்கு மேல், காசிட்டரைட் 7-ஐ ஒட்டி. காசிட்டரைட் இருந்தால் எல்லோரையும் தள்ளிக்கொண்டு நுனிக்கு வந்துவிடும். துலாங் செய்யப்பட்டதே அதற்காகத்தான்.

நான்காம் நாள் நுனியில் நான்கைந்து சாம்பல் நிற மணிகள், மற்ற எதுவும் அசைந்தபோது அசையாமல் கிடந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒன்றை எடுத்துக் கடப்பைக்கல்லில் வைத்து ஊசியால் அழுத்தினேன். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வலைக்குண்டுச் சிதறல். காரீயம், ஒப்படர்த்தி 11.3. எத்தனை தலைமுறை வலைகள் அந்தக் கரையில் கிழிந்திருக்கும்!

ஆனாலும் கருப்பு மணிகளைச் சோதிக்காமல் விட மனசில்லை. அதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. துத்தநாகத் தகட்டின் மேல் மணிகளை வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், காசிட்டரைட் மட்டும் சில நிமிஷத்தில் வெள்ளி மாதிரி மங்கிய சாம்பல் தோல் போர்த்திக்கொள்ளும். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து பிறக்கும் ஹைட்ரஜன் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சைடை உலோக ஈயமாக்குகிறது. துத்தநாகத்துக்கு எங்கேயும் போக வேண்டாம், பழைய டார்ச் பேட்டரியின் கூடே போதும். அறுத்து, உள்ளே இருப்பதைத் தள்ளி, உப்புத்தாளால் தேய்த்தால் சரி. ஒப்பிட்டுப் பார்க்க, சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக் காசிட்டரைட் துணுக்கு ஒன்றை என் பழைய ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வந்தேன். மொட்டைமாடியில், கையுறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்தேன். பஸ்தர் துணுக்கு ஐந்து நிமிஷத்தில் பளபளத்தது. என் மணிகள் கரிக்கட்டை மாதிரி அப்படியே கிடந்தன. எல்லாம் இல்மனைட்.

ஜிர்கானைப் பிரிப்பது பொறுமை வேலை. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய சாதாரணக் காந்தத்தைப் பேப்பருக்கு அடியில் ஓட்டினால் மேக்னடைட் போகும். அப்புறம் நியோடிமியம் காந்தம். மணலைத் தட்டையாகப் பரப்பி மிக அருகில் கொண்டுபோனால் இல்மனைட்டும் ஓரளவு கார்னெட்டும் துள்ளி ஒட்டும். மிஞ்சுவதில் ஜிர்கான், ரூட்டைல், சில்லிமனைட், தப்பிய குவார்ட்ஸ், கொஞ்சம் மோனசைட். ஆய்வகத்தில் என்றால் இங்கே ப்ரோமோஃபார்ம் போன்ற கனதிரவத்தில் மூழ்கடித்துப் பிரிப்பார்கள். அந்த நச்சுக்காற்றை வீட்டில் வைத்துச் சுவாசிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜிர்கான் புற ஊதாவில் கடுகு மஞ்சளாக ஒளிரும் என்பது தெரியும். இணையத்தில் ஒரு டார்ச் வாங்கினேன். இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் ஊதா வெளிச்சத்தில் சிப்பித் துண்டுகள்தான் பல்லிளித்தன, ஜிர்கான் செத்துக் கிடந்தது. அட்டையைத் திருப்பிப் படித்தேன்: 395 நானோமீட்டர். ரூபாய் நோட்டுப் பார்க்கிற விளக்கு. ஜிர்கானுக்கு வேண்டியது 254 நானோமீட்டர் குற்றலை. பிறகு கல்லூரி ஆய்வகத்தில் அந்த விளக்கில் வைத்துப் பார்த்தபோது சிட்டிகை மணலில் பாதி, கார்த்திகை அகல் மாதிரி ஒவ்வொன்றாக எரிந்தது. குற்றலை விளக்கைக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது, கண் போய்விடும்.

நுண்ணோக்கியில் ஜிர்கான் ஒரு அழகு. நிறமில்லாததும் வெளிர் இளஞ்சிவப்பும் தேன் நிறமும் கலந்து கிடக்கும். கடல் உருட்டியதில் முனை மழுங்கி, சின்ன மாத்திரை மாதிரி ஆனவைதான் அதிகம். இலங்கையில் நிறமற்ற ஜிர்கானை மாத்தறை வைரம் என்று விற்றார்களாம். அந்த மினுக்கைப் பார்த்தால் ஏமாந்தவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. ஈர ஊசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். ஒரு சாயங்காலத்துக்கு நாற்பது மணிகள். அதற்கு மேல் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த மணி ஈயத்தைப் பற்றி எப்படிப் பேசும்? கிரானைட்டாகப் போகும் உருகிய பாறைக் குழம்பு ஆறும்போது கனிமங்கள் ஒவ்வொன்றாகப் படிகமாகின்றன. ஒவ்வொரு படிகத்திலும் குறிப்பிட்ட அளவுள்ள அயனிகளுக்குத்தான் இடம். ராமநாதபுரம்–ராமேஸ்வரம் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழம்பில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் வெள்ளீயம் நான்கு மின்னேற்றத்தோடு ஒடுங்கிய உருவத்தில் இருக்கும். டைட்டானியத்தின் இருக்கையில் அதுவும் உட்கார்ந்துவிடும். டைட்டனைட், மேக்னடைட், பயோட்டைட் என்று வழியெல்லாம் ஒன்றிரண்டாகச் சிதறி, கடைசியில் தாதுவாகச் சேர எதுவும் மிஞ்சாது. ஆக்சிஜன் தட்டுப்பாடாக இருந்தால் ஈயத்துக்கு இரண்டு மின்னேற்றம், பெருத்த உடம்பு. எந்த இருக்கையிலும் கொள்ளாமல் நின்றுகொண்டே வரும். பாம்பன் தாண்டி, தங்கச்சிமடம் தாண்டி, குழம்பில் பெரும்பகுதி உறைந்த பிறகு, மிச்சமிருக்கும் கொஞ்சத் திரவத்தில் ஈயம் அத்தனையும் நெருக்கியடித்து நிற்கும். அந்தத் திரவம் பாறையின் கூரைப் பக்கம் கசிந்து வெடிப்புகளில் உறையும்போதுதான் காசிட்டரைட். ஆக ஈயக் கிரானைட்டுக்கு நிபந்தனை இரண்டு: ஆக்சிஜன் குறைவு, கடைசி நிறுத்தம் வரை போன பயணம்.

ஜிர்கானில் ஈயத்தை நேரடியாகத் தேடுவதில்லை. பஸ்ஸில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குத்தான் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். லாந்தனம், சீரியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்கள் பெரும்பாலும் மூன்று மின்னேற்றத்தில் இருக்கும். யூரோப்பியம் மட்டும் இரண்டுக்கு இறங்கக் கூடியது, சீரியம் நான்குக்கு ஏறக் கூடியது. இரண்டுக்கு இறங்கிய யூரோப்பியத்தை, கிரானைட்டின் முக்கியக் கனிமமான ஃபெல்ட்ஸ்பார், கால்சியம் என்று நினைத்து அழைத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஆக்சிஜன் குறைந்த, ஃபெல்ட்ஸ்பார் நிறையப் படிந்த குழம்பில் பிறந்த ஜிர்கானில் யூரோப்பியத்துக்குப் பெரிய பள்ளம் விழும், அதாவது இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாக இருக்கும். கூடவே, பயணம் நீள நீள ஜிர்கானுக்குள், ஜிர்கோனியத்தின் இருக்கையில் உட்காரக்கூடிய தனிமமான ஹாஃப்னியம் கூடும். மியான்மரின் செம்புப் பட்டை, ஈயப் பட்டை இரண்டிலும் எடுத்த ஜிர்கான்களை ஒப்பிட்டு 2017-இல் வந்த ஆய்வு ஒன்று, யூரோப்பியப் பள்ளத்தின் எண் (இருக்கும் அளவை இருக்க வேண்டிய அளவால் வகுத்தது) 0.08 அல்லது அதற்குக் கீழே போனால் ஈயம் சேரும் அளவுக்குக் குழம்பு முற்றியிருக்கிறது என்கிறது. 1 என்றால் பள்ளமே இல்லை. பெரிய செம்புப் படிவுகளைச் சேர்ந்த ஜிர்கான்களில் அந்த எண் 0.4-ஐத் தாண்டி நிற்பது வழக்கம்.

சீரியம் ஆக்சிஜனை இன்னும் நேராகக் காட்டும் என்பார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு லாந்தனமும் பிரசியோடிமியமும் வேண்டும். ஜிர்கானில் அவை கருவியின் கண்ணுக்கே எட்டாத அளவு சொற்பம். சீரியம், யுரேனியம், டைட்டானியம் மூன்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் முறை 2020-இல் வந்தது. நான் யூரோப்பியத்தோடு நின்றுகொண்டேன்.

இந்த இடத்தில்தான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்கே தெரிந்தது. கடற்கரை மணலுக்கு விலாசம் கிடையாது. மூக்கையூர் அருகே குண்டாறு கொண்டுவந்து கொட்டியதும் இருக்கும், தெற்கேயிருந்து கரையோர நீரோட்டம் தள்ளிவந்ததும் இருக்கும். ஒரு மணி என்ன சொன்னாலும், எந்தப் பாறையைப் பற்றிச் சொல்கிறது என்று கேட்க முடியாது. கிரானைட்டின் தகுதியைப் பார்க்க வேண்டுமென்றால் கையில் கிரானைட் வேண்டும். எங்கள் கரையிலோ மணலும் பவளச் சுண்ணாம்புக்கல்லும்தான். கடலரிப்புக்குக் கொட்டிய பாறாங்கற்கள் நினைவுக்கு வந்தன. லாரிக்காரரிடம் விசாரித்ததில் மேலூர்ப் பக்கத்துக் குவாரி என்றார். வெளிர் இளஞ்சிவப்பில், உடைந்து ஓரமாகக் கிடந்த ஒரு துண்டை எடுத்து வந்தேன். இரண்டு கிலோ.

கணக்கு இப்படி: கிரானைட்டில் ஜிர்கோனியம் 150 பிபிஎம் (பத்து லட்சத்தில் 150 பங்கு) என்று வைத்தால், ஜிர்கானின் எடையில் ஏறத்தாழப் பாதி ஜிர்கோனியம் என்பதால், கிலோவுக்கு 0.3 கிராம் ஜிர்கான். இரண்டு கிலோவுக்கு 0.6 கிராம். கைக்கு வருவது அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் அதிர்ஷ்டம்.

இரும்பு உரலில் இடித்தேன். ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் சலித்தேன். துலாங்கில் அலசினேன். காந்தத்தை ஓட்டியபோது தாடி மாதிரி கருப்புத் துகள் ஒட்டியது. உரலும் உலக்கையும் தேய்ந்த இரும்பு என்று தட்டிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஜிர்கான் வந்திருந்தது. கூர்முனையோடு, நாற்பட்டைத் தூண் மாதிரி, நேற்றுச் செதுக்கியது போன்ற படிகங்கள். ஆனால் பத்துக்கு ஒன்று மழுங்கிய மாத்திரை. கிரானைட்டிலிருந்து நேராக எடுத்த ஜிர்கான் உருண்டிருக்க வழியில்லை. கொஞ்ச நேரம் பாறைக்குள் பழைய ஜிர்கான் கரைந்து மழுங்கி மிஞ்சியிருக்கிறது என்று பெரிய விளக்கமெல்லாம் எழுதினேன். அப்புறம் துலாங்கின் நடுவில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அறுபது வருஷ மரத்தின் வரிப்பிளவுகளில் கடற்கரை மணல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன், வந்துகொண்டே இருந்தது. ஈயம் தேடுகிறவனுக்கு ஒரு மணி கூடினால் லாபம். ஜிர்கானை எண்ணுகிறவனுக்கு ஒரு மணி கலந்தாலும் நாசம். மரத்தட்டு இந்த வேலைக்கு ஆகாது. மீதிப் பாறையைப் புது பிளாஸ்டிக் தட்டில், புதுத் துணியில், குழாயடியில் முதலிலிருந்து அலசினேன். துலாங் பொங்கலுக்கு முன்பே அப்பத்தாவிடம் திரும்பியது.

மணிகளை இருபக்க டேப்பில் வரிசையாக ஒட்டி, ஒரு அங்குல பிவிசி குழாயை வளையமாக அறுத்துச் சுற்றி வைத்து, எபாக்சி ஊற்றினேன். ஐப்பசி ஈரத்தில் முதல் வார்ப்பு மூன்று நாளாகியும் அல்வா பதத்தில் நின்றது. இரண்டாவதை மூடி போட்ட டப்பாவில் அரிசியோடு வைத்ததும் இறுகியது. அரிசியா, நான் கலவையைச் சரியாக எடை போட்டதா, எது காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பிறகு உப்புத்தாளில் தேய்த்து, மணிகளின் நடு வயிறு தெரிகிற வரை கொண்டுபோய், வைரப் பசையில் மெருகு. மெருகு போடுவதில் விறுவிறுவென்று போகக் கூடாது. ஐந்து தேய்ப்புக்கு ஒரு தடவை பார்க்காவிட்டால் மணி முழுக்கத் தேய்ந்து காணாமல் போய்விடும். எனக்கு ஏழு போயின.

மெருகிட்ட வில்லை வடக்கே ஒரு ஆய்வகத்துக்குப் போனது. முதலில் கேத்தோடோலூமினசென்ஸ், அதாவது எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதைப் பிடிக்கும் படம்: மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி மணிக்குள் வளர்ச்சிப் பட்டைகள் தெரியும். அப்புறம் லேசர் ஐசிபி-எம்எஸ்: 30 மைக்ரான் அகலத்தில் லேசரால் குழி போட்டு, எழும்பிய தூளில் ஒவ்வொரு தனிமமும் எவ்வளவு என்று எண்ணுவது.

அட்டவணை மின்னஞ்சலில் வந்த இரவு நான் தூங்கவில்லை. கிரானைட் மணிகளில் ஹாஃப்னியம் சராசரி 23,500 பிபிஎம். சாதாரணக் கிரானைட் ஜிர்கானில் 10,000-ஐ ஒட்டித்தான் எதிர்பார்ப்பேன். 23,500 என்றால் கடைசி நிறுத்தத்தையும் தாண்டிப்போன குழம்பு! மேலூர்ப் பாறையில் இப்படியா? ஆசிரியருக்கு எழுத மூன்று பத்தி தட்டச்சும் செய்தாயிற்று. அனுப்புவதற்கு முன்னால் பக்கத்துக் கட்டத்தில் கண் போனது. ஜிர்கோனியம்: 10,48,000 பிபிஎம்.

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பத்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்தில் எப்படி இருக்கும்? மணியில் 104.8 சதவீதம் ஜிர்கோனியம் என்கிறது அட்டவணை. இருக்க வேண்டியது 49.

காரணம் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இந்தக் கருவி எண்ணுவதைப் பிபிஎம்மாக மாற்ற, அளவு முன்கூட்டியே தெரிந்த ஒரு தனிமம் அளவுகோலாக வேண்டும். ஜிர்கானுக்கு வழக்கமாகச் சிலிக்கான். ஜிர்கானில் சிலிக்கா, அதாவது ஆக்சைடாக, 32.8 சதவீதம், சிலிக்கான் தனிமமாக 15.3 சதவீதம். தனிமத்தின் இடத்தில் யாரோ ஆக்சைடின் எண்ணைப் போட்டுவிட்டார்கள். 32.8-ஐ 15.3-ஆல் வகுத்தால் 2.14. எல்லா எண்ணும் 2.14 மடங்கு ஊதிப்போயிருந்தது. வகுத்துப் பார்த்தேன்: ஹாஃப்னியம் 11,000. சாதா கிரானைட். மூன்று பத்தியையும் அழித்தேன்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. யூரோப்பியப் பள்ளம் இந்தத் தப்பால் துளியும் அசையவில்லை. பன்னிரண்டாவது மணியை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய அளவு: சமாரியம் 3.9, யூரோப்பியம் 0.62, கடோலினியம் 21 பிபிஎம். இவற்றை, ஒப்பீட்டுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் காண்ட்ரைட் விண்கல்லின் அளவுகளால் (0.148, 0.0563, 0.199) வகுத்தால் 26.4, 11.0, 105.5. யூரோப்பியம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் நடுவில், அதாவது 26.4-ஐயும் 105.5-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த 52.8-இல் இருந்திருக்க வேண்டும். இருப்பது 11. விகிதம் 0.21. மூன்றையும் 2.14-ஆல் பெருக்கிவிட்டுப் போட்டாலும் அதே 0.21-தான். மேலேயும் கீழேயும் ஒரே தப்பு, அடித்துக்கொண்டு போய்விடும். ஆய்வகத்துக்கு எழுதினேன், இரண்டு நாளில் திருத்திய அட்டவணை மன்னிப்போடு வந்தது.

மேலூர்க் கல்லின் மணிகள் எல்லாம் 0.15-க்கும் 0.3-க்கும் நடுவே. 0.08-க்குக் கிட்டேகூட இல்லை. ஈயத்துக்கு லாயக்கில்லாத பாறை.

கடற்கரை மணிகள்தான் வேடிக்கை. 58-இல் 9 மணிகள் 0.08-க்குக் கீழே. எண்ணை மட்டும் பார்ப்பவன் குதிப்பான். படத்தைப் பார்த்தேன். ஏழு மணிகளில் வளர்ச்சிப் பட்டையே இல்லை, சாம்பல் பூசினாற்போல் வெறுமை. தோரியம்–யுரேனிய விகிதமும் 0.1-க்குக் கீழே. இது குழம்பில் பிறந்த ஜிர்கான் இல்லை, உருமாற்றத்தில் வளர்ந்தது. மதுரை வட்டாரப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் மிக உயர்ந்த வெப்பத்தில் வெந்து எடுக்கப்பட்டவை. அப்போது பக்கத்தில் ஃபெல்ட்ஸ்பார் இருந்திருந்தால் யூரோப்பியத்தை அதுவே எடுத்துக்கொண்டிருக்கும். பள்ளம் உண்மை, ஈயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எட்டாவது மணியில் லாந்தனம் 2 பிபிஎம். சுத்தமான ஜிர்கானில் அவ்வளவு இருக்காது; லேசர் உள்ளே பொதிந்த மோனசைட் துணுக்கைத் தொட்டிருக்கிறது. மோனசைட்டிலேயே பெரிய யூரோப்பியப் பள்ளம் இருக்கும், அதுவும் கழிந்தது.

ஒன்பதாவது மணி ஒன்றுதான் நின்றது. பட்டைகள் ஒழுங்காக, லாந்தனம் கண்ணுக்கே தெரியாமல், ஹாஃப்னியம் 16,000, பள்ளம் 0.05. எங்கேயோ ஒரு கிரானைட், ஆக்சிஜன் இல்லாமல், கடைசி நிறுத்தம் வரை போயிருக்கிறது. எங்கே என்று கேட்டால் மணி வாயைத் திறக்காது. அந்தக் கிரானைட் நம் மலைகளிலேயே இருந்திருந்தாலும் ஈயத்துக்கு நம்பிக்கை இல்லை. ஈயத் தாது சேர்வது கிரானைட்டின் கூரையில், தரைக்குக் கீழே சில கிலோமீட்டர் ஆழத்தில். மதுரைப் பக்கம் இன்று வெளியே தெரியும் சார்னோகைட் என்ற கருநிறப் பாறை 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெந்த பாறை. அத்தனை கனம் மேலிருந்து அரிக்கப்பட்டுப் போயிருக்கிறது. கூரை இருந்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும்.

இனி அந்தத் தாடி. ஷுன்சோ இஷிஹாரா என்ற ஜப்பானிய நிலவியலாளர் 1977-இல் கிரானைட்டுகளை இரண்டாகப் பிரித்தார்: மேக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை. ஆக்சிஜன் இருந்த குழம்பில் மேக்னடைட் படியும், இல்லாததில் இல்மனைட்டோடு நின்றுவிடும். ஈயம் இருப்பது இரண்டாவது வரிசையோடு. இதைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். முடிவெல்லாம் வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் அதே பாறாங்கற்கள் பக்கம் போய், நியோடிமியம் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இடிக்காத, உரலைப் பார்க்காத கல். காந்தம் சாய்ந்து, 'டக்' என்று ஒட்டியது. முதல் நாளே என் தாளில் தாடி வைத்துக்கொண்டு சொன்ன பதிலை உலக்கை இரும்பு என்று தட்டிவிட்டிருக்கிறேன்.

இருந்தாலும் ஏழு மாதம் வீண் என்று சொல்ல மாட்டேன். பாறை முழுசாகக் கையில் இருக்கும்போது காந்தம் போதும். பாறை மக்கிச் செம்மண்ணாகிப்போன இடத்தில் மேக்னடைட்டும் துருவாகிவிடும், ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். அங்கே பேச ஜிர்கான் ஒன்றுதான் மிஞ்சும். ஆனால் அடுத்த தடவை வரிசை மாறும்: காந்தம், லென்ஸ், துத்தநாகத் தகடு, அதெல்லாம் தாண்டினால்தான் லேசர்.

அப்பத்தா ஒரு நாள் கேட்டார்: "ஈயம் கெடச்சுச்சாய்யா?"

"வலைக்குண்டு நாலு கெடச்சுச்சு."

"குண்ட வலைக்காரன்ட குடுத்துரு. தட்டுல இன்னும் மண்ணு வருது, வடகத்துல பல்லுல நறநறங்குது."

போன வாரம் மறுபடியும் கரைக்குப் போனேன். கொட்டிக் கிடக்கும் கற்களில் நாற்பதை வரிசையாகக் காந்தத்தால் தொட்டேன். முப்பத்தொன்பதிலும் நூல் சாய்ந்தது. ஒன்றில் மட்டும், வெள்ளை மைக்கா மினுங்கும் சாம்பல் கிரானைட், நூல் செங்குத்தாகவே நின்றது. மூன்று பக்கமும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஓரத்தில் ஏற்கெனவே உடைந்திருந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தத் தடவை இடிக்கக் கல்லுரல் தேட வேண்டும்.